மெசினுக்குக் காட்டிய மண்

நகுலேசன் காதிலிருந்த ஹெட்செற்றைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ரீச்சரிடம் கேட்டான்.

"இந்தக் கோதாரி விழுந்த மெசின் எப்ப ரீச்சர் வாயை மூடும்?"

ரீச்சர் அவனுடைய வாளியை எட்டிப் பார்த்தார். துருப்பிடித்த ஆணிகள், வெற்றுத் தோட்டாக் கோதுகள், சோடாப் போத்தல் மூடிகள், ஒரு குடைக்கம்பி, வளைந்துபோன கரண்டி ஒன்று. அன்றைய நாள் முழுக்க அவன் தோண்டியது அவ்வளவும்தான்.

"இதுக்குள்ள எதுக்கு அது கத்தியிருக்கக் கூடாது?" என்று கேட்டார்.

"எல்லாத்துக்கும்தான். எல்லாம் குப்பை."

"தோண்டினாப் பிறகு குப்பை," என்றார் ரீச்சர்.

நகுலேசன் வாளியைக் காலால் தள்ளிவிட்டுத் தண்ணீர்ப் போத்தலைத் தேடிப் போனான்.

வன்னியில், காட்டோரமாக இருந்த ஊர் அது. சண்டை முடிந்து சனம் திரும்பி வரத் தொடங்கியிருந்த காலம். ஊரைச் சுற்றியும் ஊருக்கு நடுவாலும் மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். நாடாவுக்கு இந்தப் பக்கம் சனம் கொட்டில் போட்டு இருக்கலாம். அந்தப் பக்கம் மிதிவெடி. இரும்பைக் கண்டால் கத்துகிற மெசினைக் கொண்டு மண்ணைத் தடவி அதை எடுக்கிற குழுவுக்குத் தவமலர் பொறுப்பாக இருந்தார். வயது முப்பத்தைந்துகூட இராது. ஒரு பள்ளிக்கூடத்திலும் அவர் படிப்பித்ததில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்குகிறவர் என்பதால் எல்லோருக்கும் ரீச்சர். தலை நரைத்த நகுலேசனுக்கும் ரீச்சர்தான். அவர் அவனை அண்ணை என்று கூப்பிடுவார். மரியாதையில் குறை வைக்கமாட்டார், வேலையில் இடம் கொடுக்கவும் மாட்டார்.

நகுலேசனுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று குழுவில் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் வேறு யாருடையதோ காணியில் வேலை செய்தார்கள். அவன் முழங்காலில் நின்று தோண்டியது அவனுடைய சொந்த வளவு. குழுவில் சண்டை பிடித்துத்தான் அந்த இடத்து வேலையைத் தனக்கென்று கேட்டு வாங்கியிருந்தான். வாளியில் விழுந்த ஆணிகளில் பாதி, முன்னொரு காலத்தில் அவன் கையாலேயே கூரைக்கு அடித்தவை.

அந்தக் கூரைக்குக் கீழேதான் அவனுடைய அம்மா போய்ச் சேர்ந்தா. ஊர் வெளிக்கிட்ட அன்று, நான் வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டா. தங்கச்சியை முதலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து தூக்கிக்கொண்டு போகலாம் என்று நகுலேசன் நினைத்தான். திரும்பி வருவதற்குள் வீட்டுக்கு மேல் செல் விழுந்து வெடித்துவிட்டது. பிறகு அந்த வளவில் யார் யாரோ வந்து இருந்தார்கள். போகும்போது மண்ணுக்குள் வெடியைப் புதைத்துவிட்டுப் போனார்கள். யார் புதைத்தது என்று நகுலேசன் கேட்காத ஆள் இல்லை.

தங்கச்சி கிருபா புருசனையும் இழந்து, நாடாவுக்கு வெளியே ஒரு கொட்டிலில் மகள் கஜானியோடு இருந்தாள். கஜானியிடம் ஒரு ஆடு இருந்தது. ஆட்டுக்கு நாடா என்றால் என்ன தெரியும்? ஒருநாள் அது கீழாலே நுழைய, பிள்ளையும் குனிந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். நகுலேசன் போட்ட சத்தத்தில் பிள்ளை அப்படியே நின்றாள். ரீச்சர்தான் மெதுவாகப் பேசிப் பேசி அந்தக் காலைப் பின்னுக்கு எடுக்க வைத்தார்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. மாரி வருவதற்கு முன் வளவை முடித்துவிட வேண்டும். மழை தொடங்கினால் வேலையை நிறுத்திவிடுவார்கள். நாடா அறுந்து சேற்றுக்குள் கிடக்கும், ஆடும் பிள்ளையும் அங்கேயேதான் நிற்கும். இதை நினைத்துக்கொண்டு அவன் மெசினைப் பிடித்தால், அது ஆணிக்குக் கத்தியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் குப்புறக் கிடந்து, பக்கத்தாலே மேசன்மாரின் சாந்தகப்பையால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் போக வேண்டும். போனால் இன்னொரு ஆணி. யாருக்குத்தான் கோபம் வராது?

அடுத்த நாள் வேலைக்கு முன்னரே அவன் ரீச்சரை மறித்தான்.

"முல்லைத்தீவுக் கடற்கரையில காப்பு மோதிரம் தேடுறவங்களைப் பாத்தனான். அவங்கட மெசினை ஆணிக்குக் கத்தாத மாதிரித் திருப்பி வைக்கலாமாம்."

"ஓம். வைக்கலாம்."

"இதிலயும் குமிழ் இருக்குத்தானே. குறைச்சு வைப்பம். பெரிசுக்கு மட்டும் கத்தட்டும்."

ரீச்சர் அவனை நாடாவுக்கு வெளியே இருந்த பழகு நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பையிலிருந்து ஒரு பழைய மிதிவெடியை எடுத்தார். வெடிமருந்து அகற்றிய வெறும் பச்சைப் பிளாஸ்ரிக் கோது. அதைத் திறந்து, அதில் இரும்பென்று இருந்த ஒரே சிறிய ஊசியை எடுத்துக்கொண்டார். வாளியிலிருந்து ஒரு உடைந்த ஆணி நுனியையும் எடுத்தார்.

"கண்ணை மூடுங்கோ. கையை நீட்டுங்கோ."

அவன் நீட்டினான். இரண்டையும் அவனுடைய உள்ளங்கையில் வைத்தார்.

"இதில எது பிள்ளையின்ர காலை எடுக்கும்?"

நகுலேசன் விரலால் தடவிப் பார்த்தான். இரண்டும் ஒரே கனம். ஒரே சொரசொரப்பு. கண்ணைத் திறந்து, இரண்டையும் மண்ணில் வீசி எறிந்தான்.

"நாசமாப் போவாங்கள். கொஞ்சம் பெரிசாச் செய்திருந்தா என்ன?"

"எங்களுக்குக் கேக்கட்டும் எண்டு அவங்கள் வைக்கேல்லையே அண்ணை," என்றார் ரீச்சர். "இப்ப அந்த ஊசியைத் தேடி எடுங்கோ. நீங்கள் சொன்ன மாதிரிக் குமிழைக் குறைச்சு வைச்சே தேடுங்கோ."

அவன் குறைத்து வைத்துத் தேடினான். மெசின் வாயைத் திறக்கவில்லை. வெயில் முதுகில் ஏறியது. மற்றவர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினான். ஊசி அவனுடைய சப்பாத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

ஊசியை ரீச்சரிடம் கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் குறைந்தது என்று நினைக்கவேண்டாம், கூடித்தான் போயிருந்தது.

அந்தக் குழுவில் ஒரு முறை உண்டு. காலையில் உள்ளே போவதற்கு முன் மெசினுக்கு மண்ணைக் காட்ட வேண்டும். அந்தப் பக்கத்து மண்ணில் இரும்புத்தன்மை அதிகம், வெறும் மண்ணுக்கே மெசின் முனகும். தேடி முடித்த, ஒன்றுமில்லை என்று உறுதியான மண்ணுக்கு மேல் அதை ஏற்றி இறக்கிப் பொத்தானை அமத்தினால், இதுதான் மண்ணின் சத்தம், இதை விட்டுவிடலாம் என்று அது பிடித்துக்கொள்ளும். பிறகு சோதனைத் துண்டு என்ற சின்ன இரும்பைக் காட்டிப் பார்ப்பார்கள். அதற்கு மெசின் சத்தம் போட்டால்தான் ஆளை உள்ளே விடுவது. இடையில் மறுபடி மண் காட்டுவதென்றாலும் வெளியே வந்து, அதே இடத்தில்தான் காட்ட வேண்டும்.

சில நாள் கழித்து ஒரு காலை, நகுலேசன் எல்லாம் ஒழுங்காகச் செய்துதான் உள்ளே போனான். வெயில் ஏற ஏற மெசின் முனகத் தொடங்கியது. வெளியே போய்த் திரும்பி வர அவனுக்குப் பொறுமை இல்லை. அவனுக்குப் பிரித்துக் கொடுத்த துண்டின் பக்க எல்லையில் ஒரு சிவப்புத் தடி கிடந்தது. தடிக்கு அப்பால் இன்னும் ஒருவரும் தேடாத மண். அங்கேதான் கிணற்றடி, உடுப்புத் தோய்க்கிற கல்லும் அதற்குப் பக்கத்திலேயே கிடந்தது.

அந்த மண் அவனுக்குத் தெரியாததா? நடக்கத் தொடங்கிய நாளில் இருந்து அவன் குளித்த இடம். அங்கே ஆணியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. தடிக்கு மேலாகக் கையை நீட்டி மெசினை அந்த மண்ணுக்கு மேல் பிடித்தான். அங்கேயும் அது வீரிட்டுக் கத்தியது.

"இஞ்சயுமோ," என்று பல்லுக்குள் சொன்னான். "இது வெறும் மண், சனியனே. மண்ணுக்கே கத்திறாய்?"

பொத்தானை அமத்தினான். மெசின் அமைதியானது.

திரும்பித் தன் பக்கத்து மண்ணைத் தடவினான். சத்தமே இல்லை. இன்னும் கொஞ்சம் போனான். முழங்காலை எடுத்து வைத்தான், தடவினான், மறுபடி முழங்காலை எடுத்து வைத்தான். முந்தின கிழமை முழுக்கப் போகாத தூரத்தை அன்று தேத்தண்ணி இடைவேளைக்கு முன் போய்விட்டான். வெளியே வரும்போது சீட்டி அடித்துக்கொண்டு வந்தான். கோபமில்லாத நகுலேசனை அன்றுதான் குழு பார்த்தது.

ரீச்சர் அவனுடைய வாளியைப் பார்த்தார்.

"வெறும் வாளி."

"மெசின் திருந்தீட்டுது ரீச்சர்."

"நேற்றுவரைக்கும் ஆணியாக் கிடந்த வளவு."

"ஆணி முடிஞ்சிருக்கும்."

ரீச்சர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்.

"தங்கச்சியைக் கூப்பிடுங்கோ. பிள்ளையையும்."

"என்னத்துக்கு?"

"காணியைக் கையில குடுக்கிற அண்டைக்கு வீட்டுக்காரர் நடக்கிறதுதானே. இண்டைக்கு முடிச்ச துண்டில நடக்கட்டும்."

"முதல் நடக்கிறது வெடி எடுத்த ஆள். நான் இப்பவே நடந்து காட்டுறன்."

"நீங்கள் நடப்பீங்கள். எனக்குத் தெரியும். உங்கட கால் உங்களுக்கு ஒரு பொருட்டில்லை. பிள்ளையைக் கூப்பிடுங்கோ."

அவன் வீம்புக்குக் கூப்பிட்டான். கிருபா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். கஜானி ஆட்டையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, முடிஞ்சுதோ? நாங்கள் வரலாமோ?"

கிருபாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவன் பார்த்துக் கனகாலம். கஜானி நாடாவை ஒரு கையால் பிடித்து உயர்த்தி, மாமாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய செருப்பில் ஒரு வார் அறுந்து, கயிற்றால் கட்டியிருந்தது.

ஓம் என்று சொல்ல நகுலேசன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. மறுபடியும் பார்த்தான், வரவில்லை.

"போங்கோ," என்று கத்தினான். "ஆர் உங்களை இஞ்ச வரச் சொன்னது? நாடாவை விடு. போ அங்கால."

கிருபாவின் முகம் கறுத்தது. பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அவர்கள் கொட்டிலுக்குள் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, நகுலேசன் ரீச்சரிடம் திரும்பினான்.

"பிள்ளையை வைச்சோ விளையாடுறீங்கள்?"

"அவள் நாடாவுக்குள்ள ஒரு விரல் வைக்க நான் விட்டிருக்கமாட்டன். நீங்கள் ஏன் ஓம் எண்டு சொல்லேல்ல?"

அவன் மெசினின் கைப்பிடியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினான்.

ரீச்சர் சோதனைத் துண்டை எடுத்துக் கீழே வைத்தார். அவன் மெசினை அதற்கு மேல் கொண்டுபோனான். சத்தம் இல்லை. இன்னும் தாழ்த்தினான். அந்த இரும்பு உலகத்திலேயே இல்லை என்பதுபோல மெசின் சும்மா இருந்தது.

"எதில மண் காட்டினனீங்கள்?"

"கிணத்தடியில."

"அது தேடாத மண்."

"அது என்ர மண். நான் பிறந்து வளந்த இடம். அதில ஒண்டுமில்லை எண்டு எனக்குத் தெரியும்."

"அதை மெசின் உங்களுக்குச் சொன்னதோ, நீங்கள் மெசினுக்குச் சொன்னனீங்களோ?"

அவன் திரும்பிக் கிணற்றடியைப் பார்த்தான்.

"இண்டைக்குப் போன தூரம் முழுக்கத் திரும்ப," என்றார் ரீச்சர். "காலமை தொடங்கின இடத்தில இருந்து."

அப்போதுதான் நகுலேசன் வெடித்தான். ஹெல்மெற்றைக் கழற்றி நிலத்தில் அடித்தான். மெசினைத் திட்டினான். புதைத்தவனைத் திட்டினான், அவனுக்கு வெடி செய்து கொடுத்தவனைத் திட்டினான், இந்தச் சண்டையைத் தொடங்கினவனையும் முடித்தவனையும் சேர்த்துத் திட்டினான். வயசுக்கு மூத்தவனை முழங்காலில் நிற்க வைத்து வேலை வாங்குகிற பொம்பிளை என்று ரீச்சரையும் திட்டினான். மற்றவர்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். ரீச்சர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றார்.

அவனுக்கு மூச்சு முட்டியது. நிறுத்தினான்.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டார் ரீச்சர்.

"முடியேல்ல."

"அப்ப மிச்சத்தையும் சொல்லுங்கோ. அதோட உள்ள போகவேண்டாம்."

மிச்சம் இருந்தது. அதை அவன் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. கிருபாவுக்குக்கூடச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. குனிந்து ஹெல்மெற்றை எடுத்து மண்ணைத் தட்டினான்.

தேடி முடித்த மண்ணில் மெசினை ஏற்றி இறக்கினான். பொத்தானை அமத்தினான். சோதனைத் துண்டுக்கு அது தெளிவாக, ஒரே குரலில் சத்தம் போட்டது. காலையில் தொடங்கின இடத்துக்குப் போய் முழங்காலில் நின்றான்.

உடனேயே சத்தம். தோண்டினான், ஆணி. திரும்பவும் சத்தம். தோண்டினான், ஆணி. காலையில் ஊமையாகக் கிடந்த மண் இப்போது ஊர்ச் சந்தையாக இரைந்தது. ஒவ்வொரு ஆணியையும் வாளியில் எறியும்போது ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்து எறிந்தான்.

பின்னேரம் அவன் காலையில் வைத்த முழங்கால் தடம் ஒன்றைக் கண்டான். புழுதி மண்ணில் அச்சாகப் பதிந்திருந்தது. அந்தத் தடத்துக்கு ஒரு சாண் தள்ளி மெசின் மெல்லிதாகச் சத்தம் போட்டது. இன்னொரு ஆணி என்றுதான் நினைத்தான். ஆனாலும் குப்புறக் கிடந்து, பக்கத்தாலே, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினான்.

மண்ணுக்குள் ஒரு பச்சை விளிம்பு தெரிந்தது.

அவன் கையை மேலே தூக்கினான். பின்னால் ஊர்ந்து வெளியே வந்தான். ரீச்சர் உள்ளே போய்ப் பார்த்து, அடையாளக் கொடியை ஊன்றிவிட்டு வந்தார். நகுலேசன் ஒரு மரக்குற்றியில் இருந்து, தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆர் வைச்சது ரீச்சர் இதை?" பல்லுக்குள்ளாலே கேட்டான். "ஆர்? எனக்கு அந்த ஒண்டை மட்டும் சொல்லுங்கோ."

"ஆர் எண்டு தெரிஞ்சா எடுக்காமல் விடப்போறீங்களோ?"

அதற்குப் பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். காலையில் மண் காட்டும்போதும் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. ஆனால் முனகல் கேட்டால் எழும்பி, வெளியே நடந்து, காட்ட வேண்டிய இடத்தில் காட்டிவிட்டு வந்தான். ஒரு நாளைக்கு எத்தனை தரம் நடந்தாலும் நடந்தான்.

வானம் கறுக்கத் தொடங்கிய நாட்களில் அவர்கள் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தார்கள். இனி அந்த ஒரு துண்டுதான். நாடாவுக்கு வெளியே கிருபா பிள்ளையைப் பிடித்தபடி நின்றாள். ரீச்சர் முறைப்படி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் மெசின் கத்தியது. ஆணிக்குக் கத்துகிற மாதிரி இல்லை. மெசினை எங்கே நகர்த்தினாலும் விடாமல் கத்தியது. நகுலேசன் அதை ஒருபக்கம் வைத்துவிட்டுப் பக்கத்தாலே சுரண்டத் தொடங்கினான். சாந்தகப்பை எதிலோ தட்டியது. மண்ணைக் கையால் தள்ளினான்.

தகரம். செல் விழுந்தபோது பறந்து வந்து, கசங்கி, மண் மூடிக் கிடந்த கூரைத் தகரம். கீழே வேறு ஏதும் வைத்திருக்கிறார்களா என்று சுற்றிவரப் பார்த்து, ரீச்சரும் வந்து பார்த்து, தூரத்தில் இருந்து கயிறு கட்டி இழுத்துத்தான் அதை வெளியே எடுத்தார்கள். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

நகுலேசன் தகரத்தைத் திருப்பினான். நடுவில் கறுப்பாக, கை அகலத்துக்கு, தார் பூசிய ஒட்டு இருந்தது.

அவன் பூசிய தார். கட்டிலுக்கு மேலே ஒழுகுதடா தம்பி, ஒழுகுதடா தம்பி என்று அம்மா ஒரு மாரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தா. ஏணி வைத்து ஏறிப் பூசினான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அம்மாதான். விழுந்துவிடாதே என்று சொல்லிக்கொண்டே நின்றா.

அவன் அந்தத் தாரைப் பெருவிரலால் தடவினான். பிறகு மண்ணிலேயே இருந்துவிட்டான்.

"அவவைத்தான் நான் முதல் தூக்கியிருக்க வேணும்," என்றான். "தங்கச்சி நடப்பாள். அம்மாவால ஏலாது. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் விட்டிட்டுப் போனனான்."

ரீச்சர் அவனுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். முதல் மழைத்துளிகள் தகரத்தில் விழுந்து சத்தம் போட்டன.

"இவ்வளவு பெரிய தகரம்," என்றான் நகுலேசன். "அண்டைக்கு இதைப் போய் வெறும் மண் எண்டு சொன்னனே ரீச்சர். இது கத்தினது எனக்கு எப்பிடிக் கேக்காமல் போனது?"

ரீச்சர் தகரத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் துடைத்துவிட்டார்.

"இதை மண் எண்டு வைச்செல்லோ அண்ணை, மற்றதெல்லாத்தையும் கேட்டனீங்கள்."